நடந்து போகிற தூரம், பத்து மாதமாகப் போகவில்லை

மார்த்தாண்டத்தான்:
அப்பா போய்ப் பத்து மாதம் ஆகிறது. வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு பீரோவில் தயாராக இருக்கிறது, இ-சேவை மையமோ வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பையை எடுப்பேன், அப்புறம் பார்த்தால் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பேன், போன வாரம் தண்ணீர்த் தொட்டியையே கழுவிவிட்டேன். அம்மா கேட்டால் எரிச்சல் வருகிறது. ஏன் இப்படி?

தக்கலை அண்ணாச்சி:
சோம்பல்தான் தம்பி, வேறொன்றும் இல்லை. போனை ஓரமாக வைத்துவிட்டு நாளைக் காலையில் கிளம்பு.

வடசேரி அக்கா:
அண்ணாச்சி, சோம்பேறி தண்ணீர்த் தொட்டி கழுவுவானா? வள்ளுவரே 605ஆம் குறளில் நெடுநீர், மடி என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் எண்ணுகிறார். காலம் கடத்துவது வேறு, சோம்பல் வேறு. சிரோயிஸ், பிச்சில் என்று இரண்டு உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. வேலையைத் தொட்டதும் வருகிற மனக்கஷ்டத்திலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கத்தான் தள்ளிப்போடுகிறோம் என்கிறார்கள். தள்ளியதும் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதுதான் அடுத்த தடவையும் தள்ள வைக்கிறது. தம்பி, அந்தப் பையில் உங்களைக் குத்துவது எது?

ரப்பர்காடு:
எனக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை. விடியும் முன்னே வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறைந்துவிடும், அதனால் அதை ஒருநாளும் தள்ளியதில்லை. மழை பெய்தால் வெட்டு கிடையாது (வெட்டுக்காயத்தில் மழை படாமல் இருக்க எங்கள் மரங்களுக்கு பிளாஸ்டிக் கட்டவில்லை, அது தனிக்கதை), நாள் முழுக்கச் சும்மா இருப்பேன், ஆனால் பாங்குக்குப் போய் நகைக்கடன் வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்கிற வேலை மட்டும் அன்றைக்கும் நடக்காது. நேரம் கிடைத்தால் செய்துவிடுவேன் என்று சொன்னதெல்லாம் சும்மா. கடைசியில் வீட்டுக்காரி பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு "எடுங்க" என்றாள், போனோம். நீயும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ மக்கா.

தக்கலை அண்ணாச்சி:
சரி, சோம்பல் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எனக்கும் வீட்டில் பிரிக்காத கவர் ஒன்று கிடக்கிறது.

மார்த்தாண்டத்தான்:
அக்கா, குத்துவது பையில் இல்லை. உண்மையைச் சொன்னால் ஒரு தடவை போனேன். எனக்கு முன்னால் நின்றவரிடம் கம்ப்யூட்டரில் இருந்த பிள்ளை "இறந்தவர் பேரு சொல்லுங்க" என்று கேட்டது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குக் குளச்சலில் இருந்து மாமா வருகிறார். பேரை அவர் சொல்லட்டும், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.