1:00-க்குப் பிறகு 0:59 வராமல் சில வேளைகளில் 0:19 வருகிறது: 74ஹெச்சி192 பின்னோக்கு டைமர்

கேள்வி

வணக்கம். ஒளியுணர் பூச்சுள்ள சர்க்யூட் பலகைகளைப் புற ஊதா விளக்கின் கீழ் வைக்கும் பெட்டிக்காக, 5 நிமிடத்திலிருந்து பின்னோக்கி எண்ணும் டைமர் ஒன்றை அடிப்படை ஐசிகளைக் கொண்டே அமைத்து வருகிறேன். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு உள்ளே நடப்பதைக் காட்டுவதற்காகவும் இது தேவைப்படுவதால், ஆர்டுயினோ வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆலோசனையை மட்டும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நொடித் துடிப்பை 555 என்ற டைமர் ஐசி தருகிறது (10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோபாரட்). நொடிகளுக்கு இரண்டும் நிமிடத்திற்கு ஒன்றுமாக மூன்று 74ஹெச்சி192 (0 முதல் 9 வரை எண்ணும் எண்ணி ஐசி), ஒவ்வொன்றுக்கும் அதன் எண்ணை டிஸ்ப்ளேயில் காட்டும் ஒரு சிடி4511, பொது கேத்தோடு டிஸ்ப்ளே, 5 வோல்ட் மின்சாரம். ஒவ்வொரு எண்ணியின் பாரோ முனையும் (0-க்குக் கீழே போகும்போது அடுத்த இலக்கத்திடம் கடன் கேட்கும் 13-ஆம் கால்) அடுத்ததன் பின்னோக்கி எண்ணும் முனைக்கு (4-ஆம் கால்) செல்கிறது. நொடியின் பத்தாம் இடம் 0-க்குப் பின் 9-க்குப் போய்விடுவதால், அந்த 9-ஐ ஒரு நேண்டு கேட் (உள்ளீடுகள் எல்லாம் உயர்ந்தால் மட்டும் வெளியீடு தாழும் கேட்) கண்டுபிடித்து, லோடு முனையை (11-ஆம் கால்) கீழிறக்கி 5-ஐ ஏற்றுகிறது.

சிக்கல்கள் மூன்று. பலகைக்கு அருகே கையைக் கொண்டு சென்றாலே எண்ணிக்கை தாவுகிறது. முன்பு இதே எண்ணியின் எல்எஸ் வகையான 74எல்எஸ்192 வைத்திருந்தபோது இப்படி நேரவில்லை. 1:00-க்கு அடுத்து பெரும்பாலும் 0:59 வந்தாலும், சில வேளைகளில் 0:19 வருகிறது. மேலும் 0:00-இல் நிற்காமல் 9:59-க்குச் சென்று மீண்டும் எண்ணத் தொடங்குகிறது.

மறுமொழி 1

நண்பரே, முதல் சிக்கலைப் பொறுத்தவரை, 5-ஆம் காலை எங்கே இணைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. பின்னோக்கி எண்ணும்போது, மேல்நோக்கி எண்ணுவதற்கான அந்த முனை உயர் நிலையிலேயே இருந்தாக வேண்டும். எல்எஸ் வகையில் இணைக்காமல் விட்ட முனை தானாகவே உயர் நிலைபோல நடந்துகொள்ளும் என்பதால் அங்கே குறை வெளியே தெரிந்திராது. ஹெச்சி வகையில் அப்படி விட்ட முனை காற்றிலுள்ள 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக்கூடப் பிடித்துக்கொள்ளும். மூன்று ஐசிகளிலும் 5-ஆம் காலை 5 வோல்ட்டில் கட்டுங்கள். நொடியின் ஒன்றாம் இடத்தில் 11-ஆம் காலையும் அவ்வாறே கட்டுங்கள். 555 தன் நிலையை மாற்றும் கணத்தில் மின்சாரத்தைச் சட்டென்று இழுக்கும் என்பதால், அதற்கும் எண்ணிகளுக்கும் தனித்தனியே 0.1 மைக்ரோபாரட் செராமிக் மின்தேக்கியைக் காலை ஒட்டியே வையுங்கள்.

0:19 வருவதற்கு, லோடு முனையில் ஒரு சிறிய மின்தேக்கியை வைத்துப் பாருங்கள். துடிப்பு சற்று நீளும்.

மறுமொழி 2

மின்தேக்கி வைத்தால் ஒருவேளை சரியாகலாம், ஆனால் அது சரிசெய்தல் ஆகாது. வெப்பநிலையோ ஐசியின் தயாரிப்போ மாறினால் குறை திரும்ப வரும். வேறு எண் எதுவும் வராமல் 19 மட்டும் ஏன் வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. 9 என்பது 1001. 5 என்பது 0101. லோடு முனை கீழிறங்கியதும் முதல் பிட் 1-லிருந்து 0-க்கும், இரண்டாம் பிட் 0-லிருந்து 1-க்கும் மாற வேண்டும். முதல் பிட் விழுந்த அக்கணமே உங்கள் நேண்டு கேட் 9 போய்விட்டதாகக் கருதி லோடு துடிப்பை முடித்துவிடுகிறது. அதற்குள் இரண்டாம் பிட் எழவில்லையென்றால் எஞ்சுவது 0001, அதாவது 1. தான் உண்டாக்கும் விளைவாலேயே அறுந்துபோகும் துடிப்பு இது. ஒன்றாம் இடத்தில் அப்போது 9 இருப்பதால் திரையில் 0:19 தெரிகிறது.

துடிப்பின் முடிவை எண்ணியிடம் விடாமல் கடிகாரத் துடிப்பிடம் ஒப்படைத்துவிட்டால் இந்தப் பந்தயமே இராது. நான்கு நேண்டு கேட்டுகள் கொண்ட 74ஹெச்சி00-இன் இரண்டு கேட்டுகளை, ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீட்டுக்குப் போகுமாறு இணைத்து, நிலையைப் பிடித்து வைக்கும் ஒரு லேட்ச் அமையுங்கள். பத்தாம் இட எண்ணியின் 7-ஆம் காலை, மூன்றாம் கேட்டில் தலைகீழாக்கி, லேட்சின் முதல் கேட்டுக்குக் கொடுங்கள். அந்த இடத்தில் 6, 7, 8 வர வாய்ப்பில்லாததால் 7-ஆம் கால் ஒன்றே 9-ஐக் காட்டப் போதுமானது. இரண்டாம் கேட்டுக்கு 555-இன் வெளியீடான 3-ஆம் காலைக் கொடுத்து, அதே கேட்டின் வெளியீட்டை லோடு முனைக்கு எடுங்கள். கடிகாரம் உயர்ந்து 9 தோன்றியதும் லேட்ச் பிடித்துக்கொள்ளும். கடிகாரம் தாழும் வரை, ஏறத்தாழ அரை நொடி, 5 நிதானமாக ஏறும். தாழ்ந்ததும் லேட்ச் விடுபடும். பத்தாம் இட எண்ணியில் ஏற்ற வேண்டிய 5-ஐ அமைக்கும் 15, 10-ஆம் கால்கள் உயர் நிலையிலும், 1, 9-ஆம் கால்கள் தரையிலும் இருக்கின்றனவா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. 5-ஆம் காலைக் கட்டியதும் கைக்குத் தாவுவது நின்றுவிட்டது. லேட்ச் அமைத்த பின் 0:19 வரவில்லை. இனி 0:00-இல் நிறுத்த, எல்லா வெளியீடுகளையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய கேட் ஒன்று வேண்டியிருக்குமா?

மறுமொழி 2

வேண்டாம், அந்த வேலையை பாரோ சங்கிலியே செய்துவிட்டது. நிமிட எண்ணியின் 13-ஆம் கால், மூன்று இலக்கங்களும் 0 ஆகிக் கடிகாரமும் தாழ்ந்திருக்கும்போது மட்டுமே கீழிறங்கும். அதை 555-இன் 4-ஆம் காலில் (ரீசெட் முனை) இணைத்துவிட்டால், 555-இன் வெளியீடு தாழ்ந்தே நிற்கும். அது தாழ்ந்து நிற்பதால் பாரோவும் தாழ்ந்தே நிற்கும். தனியாக லேட்ச் எதுவும் தேவையில்லை. அதே முனையிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக ஒரு பிசி557 டிரான்சிஸ்டரை இயக்கினால் பஸ்ஸரும் ஒலிக்கும். கடிகாரம் தாழ்ந்த பிறகே இது நடப்பதால், திரையில் 0:00 தோன்றி அரை நொடி கழித்துத்தான் ஒலி வரும்.

தொடங்கும் பொத்தானில் மட்டும் கவனம் தேவை. நிமிட எண்ணிக்கு 5-ஐ ஏற்றிய உடனே பாரோ உயர்ந்து 555 ஓடத் தொடங்கும். நொடிகளைப் பிடித்து வைக்காவிட்டால் பொத்தானை விடுவதற்குள் 5:59 தோன்றிவிடும். ஆகவே நிமிடத்தின் லோடு முனையும் நொடி எண்ணிகள் இரண்டின் கிளியர் முனையும் (14-ஆம் கால்) ஒரே பொத்தானில் இயங்க வேண்டும். லோடுக்குத் தாழ்நிலையும் கிளியருக்கு உயர்நிலையும் தேவை என்பதால், 74ஹெச்சி00-இல் மீதமிருக்கும் நான்காவது கேட்டை அங்கே தலைகீழாக்கியாகப் பயன்படுத்துங்கள்.

மறுமொழி 1

எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் மதிப்பு 20 சதவீதம் வரை விலகியிருக்கலாம் என்பதால், 5 நிமிடம் என்பது 6 நிமிடமாகவும் ஆகக்கூடும். வெளிச்ச நேரம் துல்லியமாக வேண்டுமென்றால் 555-ஐ நீக்கிவிட்டு, 32,768 ஹெர்ட்ஸ் வாட்ச் கிரிஸ்டலுடன் சிடி4060 (அதிர்வெண்ணைப் பகுத்துத் தரும் ஐசி) வையுங்கள். அதன் 3-ஆம் காலில் 2 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஒரு 74ஹெச்சி74 அதைப் பாதியாக்கும். அப்போது லேட்சுக்கும் எண்ணிக்கும் கடிகாரம் 74ஹெச்சி74-இன் 5-ஆம் காலிலிருந்து போகட்டும். நிறுத்தும் பாரோவை அதன் 1-ஆம் காலில் (கிளியர் முனை) இணையுங்கள்.