புதுப்பிப்பு: நாற்சார் வீட்டு ஆசையும் 550 சதுர அடியும்

பங்குனியில் இங்கே புலம்பியது சிலருக்கு நினைவிருக்கும்: கிளிநொச்சியில் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீடு. நான் ஆசைப்பட்டதோ நடுமுற்றம் வைத்த நாற்சார் வீடு. பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக இது.

முதலில் வெக்கை. பிற்பகல் வெயில் முழுவதையும் மேற்குச் சுவர் வாங்கி வைத்து, இரவில் எங்கள் மேல் கக்கும். வர்ணம், திரைச்சீலை எல்லாம் பிறகு என்று, அந்தப் பக்கம் காட்டுத்தடி நட்டுக் பின்னிய தென்னோலைக் கிடுகால் சுவரோடு சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கினோம். கிடுகு உக்கும், மாற்ற வேண்டும்தான். ஆனால் தகரத்தின் கீழ் மத்தியானம் யார் இருப்பது? இப்போது அம்மா பாய் விரிப்பது, நெல் மூட்டை அடுக்குவது, விருந்தினர் தேநீர் குடிப்பது எல்லாம் பத்தியில்தான். உள்ளே வாருங்கள் என்றாலும் எவரும் வருவதில்லை.

கதவுக்கு நீலம் அடித்தேன். வரிசை முழுவதும் ஒரே அச்சு வீடுகள்; "நீலக் கதவு" என்றால் ஓட்டோக்காரருக்கு இப்போது தெரிகிறது.

கிணற்றடித் தண்ணீர் வாழைக்கு ஓடுகிறது. வேலியோரம் ஒட்டுக் கறுத்தக்கொழும்பான் மாங்கன்று வைத்திருக்கிறேன். நாற்சார் ஆசை போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

மாரிக்கு முன் குசினிப் புகைக்கு வழி பார்க்க வேண்டும். புகைபோக்கி கட்டியவர்கள் செலவைச் சொல்லுங்கள்.