பையில் செழித்தது, மண்ணில் காய்ந்தது

வறண்ட நிலத்தில் செடி வைத்துத் தோற்றவர்கள் உங்கள் கதையை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். விராலியும் ஆவாரையும் பையில் நாற்றுவிட்டேன். மழை தள்ளிப்போனதால் ஒரு வருஷத்துக்கு மேல் பையிலேயே கிடந்தன. பார்க்கப் பச்சைப்பசேல் என்றிருக்கும். நட்ட பிறகும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினேன். வெயில் ஏறியதும் வரிசையாகக் காய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால், ஆணிவேர் பைக்குள் சுருண்ட மாதிரியே ஸ்பிரிங்காக நிற்கிறது. புது வேரெல்லாம் நாலு விரல் ஆழத்துக்குள்தான். நான் ஊற்றிய தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால்தானே வேரும் இறங்கும்?

மிஞ்சிய விதையைப் பக்கத்திலேயே சும்மா தூவியிருந்தேன். அதில் நாலைந்து செடி பிழைத்தன. விரல் உயரம்தான், சோனியாக இருந்தன. ஒன்றைத் தோண்டினேன், வேர் முழங்கை நீளத்தையும் தாண்டிப் போனது.

—

விதையா? அதிலும் அடி வாங்கியிருக்கிறேன் அண்ணா. உவர் மண்ணுக்கு அட்ரிப்ளெக்ஸ் என்ற, உப்பைத் தாங்கும் புதரின் விதையைப் போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கொடுத்தவரைத்தான் திட்டினேன், பாவம். விதையை மூடியிருக்கும் உறையிலேயே உப்பு இருக்கிறதாம். நல்ல மழையில் அது கரைந்தால்தான் முளை வரும், வெறும் தூறலுக்கு ஏமாறாது. அடுத்த தடவை ராத்திரி முழுக்க ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிப் போட்டேன், வந்தது. இலையைக் கடித்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். மண்ணிலிருந்து ஏறும் உப்பை இலை மேலிருக்கும் நுண்ணிய பைகளில் ஒதுக்கிவிடும். இலை மேல் சாம்பல் பூசிய மாதிரி தெரிவது அந்தப் பைகள்தான்.

—

நீங்கள் இருவரும் நிற்கிற மண்ணில் நட்டவர்கள். எனக்கு வாய்த்தது ஓடுகிற மணல். தூவிய விதை ஒரே காற்றில் புதைந்துபோனது, நட்ட நாற்றுக்கு வேர் வெளியே தெரிந்தது. சீனாவின் டெங்கர் பாலைவனத்தில் ரயில் பாதையை மணல் மூடாமலிருக்க 1950களில் செய்ததைப் படித்துவிட்டு, 1 மீட்டருக்கு 1 மீட்டர் கட்டமாக வைக்கோலைப் பாதி புதைத்து நட்டேன். தரையோரக் காற்று தணிந்தது, கட்டத்துக்குள் செடி நின்றது.

—

கட்டத்துக்கு எத்தனை செடி வைத்தீர்கள்?

—

ஆசையில் எல்லாக் கட்டத்திலும் வைத்தேன் அண்ணா. மூன்றாம் வருஷம் பாதி போய்விட்டது. அடிமண் ஈரத்தை ஒன்றுக்கொன்று உறிஞ்சிக்கொண்டன. டெங்கரிலேயே அடர்த்தியாக வைத்த புதர்கள் காலப்போக்கில் குறைந்துதான் போயின. இப்போது மூன்று கட்டத்துக்கு ஒன்றுதான் வைக்கிறேன், மற்றதில் புல் தானாக வருகிறது.