ஸ்மியர் ஸோன்: ‘பிசுக்கு அடுக்கு’ சரிவருமா?

வணக்கம். கசிந்த எண்ணெய் அப்பிக்கிடக்கிற மண்ணை ஆங்கிலத்தில் ஸ்மியர் ஸோன் (smear zone) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘பிசுக்கு அடுக்கு’ என்று நம் கலைச்சொல் குழுவில் நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளுக்குப் பதில் இது.

> ‘பூச்சு மண்டலம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, நேரடியாக இருக்கிறது.

ஐயா, நேரடியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல் முதலில் போகப்போவது சென்னை தண்டையார்பேட்டையில் வீடு வீடாகக் கொடுக்கிற துண்டறிக்கைக்கு. அங்கே மண்டலம் என்றால் மாநகராட்சி மண்டலம், அதுவும் நாலாவது மண்டலம். ‘பூச்சு மண்டலம்’ என்று அச்சடித்துக் கொடுத்தால் சுண்ணாம்பு அடிக்க ஆள் வருகிறது என்று நினைத்தாலும் நினைப்பார்கள். பெயர் அப்புறம் இருக்கட்டும், கீழே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2013-ல் அந்தப் பக்கம் வீட்டு போர் கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோலும் டீசலும் கலந்து வந்ததும், விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் குழுவில் பலருக்கு நினைவிருக்கும். பூமிக்கடியில் போகிற பழைய குழாயில் துரு பிடித்து ஊசித்துளை விழுந்தால் போதும், கசிவது வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. கசிந்தது மணலில் இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் நின்றுவிடும், ஏனென்றால் இரண்டுமே தண்ணீரைவிட லேசு (தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பெட்ரோல் சுமார் 0.75, டீசல் சுமார் 0.83). மேலே மிதக்கிற இதற்கு ‘மிதவை எண்ணெய்’ என்று போன வாரம் முடிவு செய்தோம், அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் நீர்மட்டம் ஒரே இடத்தில் நிற்காததில்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் ஏறுகிறது, சித்திரை வைகாசியில் இறங்குகிறது, மிதக்கிற எண்ணெயும் கூடவே ஏறி இறங்குகிறது. போகிற வழியெல்லாம் மணலின் இடுக்குகளில் துளித்துளியாக மாட்டிக்கொள்கிறது. இந்த ஏற்ற இறக்க உயரம் முழுக்க எண்ணெய் அப்பிக்கிடக்கிற மண் இருக்கிறதே, அதைத்தான் ஸ்மியர் ஸோன் என்கிறார்கள்.

ஆய்வுக் கிணற்றில் கயிறு கட்டி இறக்குகிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை, பெய்லர் என்பார்கள், கோடையில் மேலே தூக்கிப் பார்த்தால் கீழே தண்ணீர், மேலே தேநீர் நிறத்தில் எண்ணெய், நடுவில் கோடு கிழித்தது போலத் தெரியும். அதே கிணற்றில் மழைக்காலத்தில் எடுத்தால் வெறும் தண்ணீர் வரலாம், வாடை மட்டும் இருக்கும். எண்ணெய் எங்கேயும் போய்விடவில்லை, ஏறி வந்த தண்ணீருக்குள் மூழ்கி மண்ணிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. மார்கழியில் ஒரு முறை மாதிரி எடுத்துவிட்டு ‘மிதவை எண்ணெய் இல்லை’ என்று எழுதுகிற அறிக்கையை நம்பி எண்ணெயை இறைக்கிற பம்பை நிறுத்தினால், அடுத்த கோடையில் மறுபடி வந்து நிற்கும். இன்னொன்று, மூழ்கிக்கிடக்கிற அந்தத் துளிகளிலிருந்து பென்சீன் என்கிற நச்சுப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, அதைத் தாண்ட ரொம்ப எண்ணெய் வேண்டியதில்லை.

அதனால்தான் ‘பிசுக்கு அடுக்கு’ என்கிறேன். எண்ணெயைக் கொட்டிக் கவிழ்த்த பிறகும் தூக்குச்சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிசுக்கு என்றுதானே வீட்டில் சொல்கிறோம். ஊற்றினால் வராது, வெறும் தண்ணீர் விட்டால் போகாது.

> பிசுக்கு கொச்சை. ‘எச்ச அடுக்கு’ போதாதா? மேலும் பெட்ரோலில் பிசுக்கு ஏது?

எச்சம் என்றால் ஊரில் காக்கா எச்சம், பள்ளிக்கூடத்தில் பெயரெச்சம். எதன் எச்சம் என்று ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டும். பெட்ரோல் பற்றிய கேள்வி நியாயம்தான், கையில் தொட்டால் ஆவியாகிப் போகும், பிசுபிசுக்காது. ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே மாட்டிய பெட்ரோலுக்கு ஆவியாக வழி கிடையாது, அதுவும் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். கையில் தொட்டால் எப்படி இருக்கும் என்பதைவிட, மண்ணுக்குள் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல் சொன்னால் எனக்குப் போதும். கொச்சை என்கிற புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

‘கறை அடுக்கு’ என்று இன்னொருவர் சொன்னது காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் கறை என்றதும் நிறம்தான் நினைவுக்கு வருகிறது. துளை போட்டு எடுத்த மண் உருளையில் சாம்பல் பூத்த பட்டை தெரிவது உண்டுதான், தெரியாமலும் இருக்கும். எண்ணெய் ஆவியை அளக்கிற வாயுமானியை வைத்தால்தான் அளவு எகிறும்.

சேர்த்து எழுதினால் பிசுக்கடுக்கு. அறிக்கையில் அப்படி வரட்டும், துண்டறிக்கையில் பிரித்தே போடுகிறேன். வாசகம் இது: “கிணற்றில் எண்ணெய் தெரியாவிட்டாலும் பிசுக்கு அடுக்கு இருக்கலாம். கோடையிலும் மழையிலும் இரண்டு முறையும் சோதித்த பிறகே போர் தண்ணீரைப் புழங்கவும்.” ‘புழங்கவும்’ போதுமா, ‘குடிக்கவும் குளிக்கவும்’ என்று உடைத்து எழுத வேண்டுமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.