மெயின்ஷீட் கப்பி: நாலா, ஐந்தா, ஆறா?

வணக்கம் நண்பர்களே, சின்னப் பாய்மரப் படகு ஓட்டுபவர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

மெயின்ஷீட்டில் (பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) இப்போது இரண்டு இரட்டைக் கப்பிகள் இருக்கின்றன. கயிறு கீழ்க் கப்பியில் கட்டப்பட்டு, நான்கு இழையாக மேலேறி இறங்கி, கீழிருந்தே கைக்கு வருகிறது. பூமில் (பாயின் கீழ் விளிம்பைப் பிடிக்கும் கழி) 80 கிலோ இழுவை என்றால் என் கைக்கு 20 கிலோ. அது கணக்குக்குத்தான், உருளைகளின் உராய்வால் கொஞ்சம் கூடவே வருகிறது. பூமை 1 மீட்டர் இறக்க 4 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும், அது பழகிவிட்டது. காற்று பலமானால்தான் தோள் விட்டுப்போகிறது.

மூன்று உருளைக் கப்பிகள் மாட்டினால் ஆறில் ஒரு பங்குதான் கையில் விழும். சரி, ஆனால் மெல்லிய காற்றில் இத்தனை உருளைகளைத் தாண்டிக் கயிறு தானாக வெளியே ஓடுமா? இப்போதே சிணுங்குகிறது.

இன்னொரு வழி, இருக்கிற ஜோடியையே தலைகீழாக மாட்டுவது. இழுக்கும் முனை பூமிலிருந்து வந்தால் அதுவும் ஓர் இழையாகச் சேர்ந்து ஐந்தாகிவிடும், செலவே இல்லை. ஆனால் கயிற்றைக் கவ்வும் கிளீட் பூமோடு மேலே போய்விடும். அவசரத்தில் கழற்ற எட்டுமா?

அப்புறம், 10 மி.மீ. கயிற்றை 8 ஆக்கினால் ஓட்டம் இளகுமா, கைதான் அறுபடுமா? மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.