101 புள்ளி, மைனஸ் 26: கார்ல்சனுக்கு மூன்றாவது நோரிஸ் சரியா?

பின்வரிசை:
வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.ஹெச்.எல்.-இல் டிஃபென்ஸ்மேன் (தற்காப்பு வீரர்) எரிக் கார்ல்சன் பேச்சை எடுத்தாலே எல்லோரும் 101 புள்ளியில் போய் நிற்கிறார்கள். 2022-23-இல் சான் ஹொசே ஷார்க்ஸுக்காக 82 ஆட்டம், 25 கோல், 76 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்); இரண்டுக்கும் தலா ஒரு புள்ளி. 1991-92-இல் பிரையன் லீச் 102 எடுத்ததற்குப் பிறகு நூறைத் தொட்ட முதல் டிஃபென்ஸ்மேன். சாதனைதான், மறுக்கவில்லை. அதற்காக அவருக்கு மூன்றாவது நோரிஸ் கோப்பையும் கொடுத்தார்கள்.

ஆனால் நோரிஸ் கோப்பை யாருக்கு? சீசன் முழுக்கத் தன் இடத்தில் எல்லாத் திறனிலும் சிறந்து நின்ற டிஃபென்ஸ்மேனுக்கு. புள்ளிக் கணக்குக்கு ஆர்ட் ராஸ் என்று தனிக் கோப்பையே இருக்கிறது. அந்த சீசனில் ஷார்க்ஸ் 22 வெற்றி, 44 தோல்வி, கூடுதல் நேரத்தில் இன்னும் 16 தோல்வி. கார்ல்சன் மைனஸ் 26: பிளஸ்-மைனஸ் கணக்குப்படி அவர் ஐஸில் இருந்தபோது அணி போட்டதைவிட வாங்கிய கோல் அவ்வளவு அதிகம். பெனால்டி கில்லில் (தண்டனையால் தன் அணி ஆள் குறைந்து ஆடும் நேரம்) அவர் ஐஸில் இறங்கியதே அபூர்வம். இறுதிப் பட்டியலில் இருந்த ஆடம் ஃபாக்ஸ் 72 புள்ளி எடுத்தார், பிளஸ் 28-இல் முடித்தார், பெனால்டி கில்லும் ஆடினார். ஓட்டுப் போட்ட பத்திரிகையாளர்கள் ஸ்கோர்ஷீட்டின் ஒரு பத்தியை மட்டும் படித்திருக்கிறார்கள்.

ஒட்டாவா65:
// கார்ல்சன் மைனஸ் 26 //

பிளஸ்-மைனஸ் எப்படிப் போடுகிறார்கள் என்று முதலில் பார்ப்போம். பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணி ஆள் குறைந்து ஆடும் நேரம்) உங்கள் அணி போடும் கோலுக்கு பிளஸ் கிடையாது. அதே பவர் பிளேயில் ஆள் குறைந்த எதிரணி கோல் போட்டுவிட்டால் ஐஸில் இருக்கும் எல்லோருக்கும் மைனஸ். பின்தங்கியிருக்கும் அணி கடைசி இரண்டு நிமிடத்தில் கோலியை (கோல்கீப்பரை) வெளியே எடுத்து ஆறாவது ஆளை இறக்கும். காலி வலையில் கோல் விழுந்தால் அதற்கும் மைனஸ். 60 ஆட்டம் தோற்ற அணியில் கோலியை எடுக்கும் நேரத்திலெல்லாம் ஐஸில் நின்றவர் யார்? கார்ல்சன்தான். வலையில் நின்ற ரெய்மர், காக்கோனென் இருவருடைய சேவ் விகிதமும் .900-க்குக் கீழே, அதாவது நூறு ஷாட்டில் தொண்ணூறைக்கூடத் தடுக்கவில்லை. இத்தனையும் சேர்ந்த எண் அது. அதை ஒரு ஆளின் தற்காப்பு மார்க் ஷீட்டாகப் படிப்பது தப்பு.

101-இல் 74 புள்ளி சம ஆட்களோடு ஆடும்போது வந்தவை. "பவர் பிளே புண்ணியம்" என்ற வாதம் அங்கேயே படுத்துவிடுகிறது. சீசன் நடுவிலேயே, பிப்ரவரி 2023-இல், அணியின் முக்கியத் தாக்குதல் வீரர் டிமோ மையரை நியூ ஜெர்சிக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: டெட்ராய்ட் டிஃபென்ஸ்மேன் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் தன் ஏழாவது நோரிஸை வாங்கிய 2010-11 சீசனில் மைனஸ் 2. அப்போது யாரும் இப்படித் தனி விவாதம் திறந்து சண்டை போட்டதாக நினைவில்லை.

பின்வரிசை:
மைனஸ் 2-ஐயும் மைனஸ் 26-ஐயும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே! லிட்ஸ்ட்ரோமின் 20 சீசனில் மைனஸில் முடிந்தது அது ஒன்றுதான். மொத்தம் 1564 ஆட்டம், 1142 புள்ளி, பிளஸ் 450. அத்தனை ஆட்டத்துக்கும் பெனால்டி 514 நிமிடம் மட்டுமே. 2002 பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் வரும் கிண்ணத் தொடர்கள்) ஆட்டத்துக்கு 31 நிமிடத்துக்கு மேல் ஆடி, பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் வாங்கினார். அதை வாங்கிய முதல் ஐரோப்பியர் அவர்தான். அந்த நிமிடங்களில் பவர் பிளே, பெனால்டி கில், எதிரணியின் முதல் வரிசை எல்லாம் அடக்கம்.

புள்ளி குறைவாக இருந்தும் நோரிஸ் கிடைத்த காலம் உண்டு. ராட் லாங்வே 1983-லும் 1984-லும் அடுத்தடுத்து வாங்கினார். 1982-83-இல் அவர் எடுத்தது 32 புள்ளி.

ஒட்டாவா65:
1985-86-இல் பால் காஃபி 138 புள்ளியோடு வாங்கியதையும் சொல்லுங்கள். லாங்வே ஒரு துருவம், காஃபி இன்னொரு துருவம். கோப்பை இரண்டு பக்கமும் போயிருக்கிறது.

மேப்பிள்_தம்பி:
நீங்கள் ரெண்டு பேரும் லிட்ஸ்ட்ரோம், கார்ல்சன் எண்டு அடிபடுறீங்கள். ஹெட்மனை ஒருத்தரும் கணக்கில எடுக்கேல்லை. 2018ல நோரிஸ், 2020ல கொன் ஸ்மைத், 2020, 2021 எண்டு ரெண்டு ஸ்ரான்லி கிண்ணம், அதுதான் லீக் சம்பியன் கிண்ணம். கார்ல்சனிட்ட கிண்ணம் இருக்கோ?

விக்டர் ஹெட்மன் 198 சென்ரிமீற்றர் உயரம். கையும் ஸ்டிக்கும் சேர்ந்தால் எதிராளிக்கு உள்ளுக்குப் போக வழியே இருக்காது. ஆள் நீலக்கோட்டுக்கு (எங்கட தற்காப்புப் பகுதியின்ர எல்லை) வர முதலே இடைவெளியை ஒரு ஸ்டிக் நீளத்துக்குக் குறைச்சு, அவரை ஓரப் பலகைப் பக்கம் தள்ளிப்போடுவார். கார்ல்சன் இடைவெளியைக் கூட விட்டிட்டு, பிறகு தன்ர வேகத்தை நம்பித் துரத்துறவர். வேகம் இருக்கிற மட்டும் அது சரி. கணுக்காலில கத்தி வைச்சாப் பிறகு?

ஐஸ்தரை:
தம்பி சொல்லும் இடைவெளி விஷயம் சரி. ஆனால் இதுவரை யாரும் தொடாத ஒரு பாதி இருக்கிறது: பக் என்ற ரப்பர் வட்டைத் தன் முனையிலிருந்து வெளியே எடுப்பது. கார்ல்சனின் தற்காப்பே அங்கேதான் நடக்கிறது.

எதிரணி பக்கை மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. சராசரி டிஃபென்ஸ்மேன் முதுகைக் காட்டியபடி போய் எடுப்பார்; முதல் ஃபோர்செக்கர் (துரத்தி வரும் எதிரணி வீரர்) மேலே விழப்போகிறார் என்ற பதற்றத்தில் கண்ணாடியோரமாகச் சுற்றி அடித்துவிடுவார். அந்தப் பக் பலகையோரம் நம் விங்கருக்கு (ஓரத் தாக்குதல் வீரர்) போகும்போது எதிரணி டிஃபென்ஸ்மேனும் இறங்கி வந்திருப்பார். பாதிக்குப் பாதி நேரம் பக் போய்விடும்; உடனே இன்னொரு நாற்பது விநாடி நம் வலை முன்னால் நெரிசல். கால் ஓய்ந்துபோன ஐந்து பேர், ஷிஃப்ட் மாற்றி வேறு ஆட்களை இறக்கவும் முடியாது. கோல் விழுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது, மூன்றாவது அலையில்தான்.

கார்ல்சன் பக்குக்குப் போகும் வழியிலேயே இரண்டு முறை தோளுக்கு மேல் பார்த்துவிடுவார். முதல் பார்வையில் யார் வருகிறார், எந்தக் கையில் ஸ்டிக். இரண்டாவதில் நடுவில் எந்த சென்டர் திறந்திருக்கிறார். பக்கைத் தொடும் முன் இடுப்பால் ஒரு பக்கம் போவதுபோல் காட்டி, உள்விளிம்பில் மறுபக்கம் திரும்பி வலைக்குப் பின்னால் சுற்றி வந்துவிடுவார். ஃபோர்செக்கருக்குத் திரும்பி வரவே ஒரு விநாடி போய்விடும். அதற்குள் பக் நடுப்பகுதியைத் தாண்டியிருக்கும். ஒட்டாவாவில் இருந்தபோது, 2017 பாஸ்டன் தொடரில், சக வீரர் மைக் ஹாஃப்மனுக்குத் தன் முனையிலிருந்து எல்லோர் தலைக்கும் மேலாகத் தூக்கிப் போட்ட பாஸை இன்னொரு முறை பாருங்கள். இறங்கும் இடத்தில் ஹாஃப்மன் கோலியோடு தனியாக இருந்தார்.

எதிரணி நம் முனையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பவர் தற்காப்பு செய்கிறார். வலை முன்னால் முதுகில் அடி வாங்கினால்தான் அது தற்காப்பு என்று எந்த விதியிலும் இல்லை.

பின்வரிசை:
வெளியே எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். செலவு அடுத்த முனையில் வருகிறது.

எதிரணி நீலக்கோட்டில் நின்றுகொண்டு, பலகையோரம் வரும் பக்கைப் பறிக்க அவர் கீழே இறங்குவார். அப்போது மூன்றாவது ஃபார்வர்ட் (தாக்குதல் வீரர்) மேலே ஏறி அவர் இடத்தை மூட வேண்டும். பக் கைக்கு வந்தால் அருமை. ஒரு அங்குலம் தவறினால் எதிரணி விங்கர் பலகையில் தட்டிவிட்டு ஓடுவார். மூன்றாவது ஃபார்வர்ட் அரை விநாடி தாமதித்தால் போதும், ஜோடி டிஃபென்ஸ்மேன் தனியாக இரண்டு பேரை எதிர்கொள்ள வேண்டும். அவர் பாஸை மறைத்து, ஷாட்டைக் கோலிக்கு விடுவார். கோலியின் சேவ் விகிதம் .900-க்குக் கீழே என்று நீங்களே சொன்னீர்கள். அப்படிப்பட்ட கோலியை வைத்துக்கொண்டு இந்தச் சூதாட்டத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் ஆடலாமா? லிட்ஸ்ட்ரோம் இறங்கினால் மூன்றாவது ஆள் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். இல்லையென்றால் பின்வாங்கி ஸ்டிக்கை நீட்டுவார். பார்க்க சலிப்பாக இருக்கும், உண்மை.

ஒட்டாவா65:
பின்தங்கிய அணி சூதாடாமல் எப்படிச் சமன் செய்யும்? டெட்ராய்டில் லிட்ஸ்ட்ரோமுக்கு முன்னால் ஐசர்மனும் ஃபெதொரோவும், பிறகு டட்ஸ்யுக்கும் ஸெட்டர்பெர்க்கும்; எல்லோரும் தற்காப்பும் தெரிந்த ஃபார்வர்ட்கள். மூன்றாவது ஃபார்வர்ட் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருப்பார். சான் ஹொசேயில் அந்த வசதி கிடையாது.

// கணுக்காலில கத்தி வைச்சாப் பிறகு? //

தம்பி, காலவரிசையைப் பாருங்கள். 2012-இல் 78 புள்ளியோடு முதல் நோரிஸ். டிஃபென்ஸ்மேன்களில் அடுத்த இடம் 53. பிப்ரவரி 13, 2013, பிட்ஸ்பர்க்: எதிரணி வீரர் மேட் குக்கின் ஸ்கேட் பிளேடு இடது குதிகால் தசைநாணில் இறங்கி ஏறக்குறைய 70 சதவீதம் அறுத்துவிட்டது. ஸ்கேட்டின் பின்பக்கக் காப்பு கணுக்காலோடு நின்றுவிடும், ஷின்பேட் முன்பக்கம் மட்டும்; இரண்டுக்கும் நடுவில் கெண்டைக்காலின் பின்புறம் வெறும் காலுறைதான். வெட்டுத் தாங்கும் காலுறை பற்றி வீரர்கள் தீவிரமாகப் பேசத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். ஏப்ரல் 25-க்கே திரும்பிவிட்டார். அடுத்த சீசன் 82 ஆட்டம், 74 புள்ளி. 2015-இல் இரண்டாவது நோரிஸ். 2015-16-இல் 66 அசிஸ்டோடு லீகிலேயே முதலிடம். எழுபதுகளின் பாபி ஆருக்குப் பிறகு வேறு எந்த டிஃபென்ஸ்மேனும் அதைச் செய்ததில்லை.

கத்தி வைத்தது 2017 கோடையில். அதற்கு முந்தைய பிளேஆஃபில் குதிகாலில் மயிரிழை முறிவோடு 19 ஆட்டத்தில் 18 புள்ளி. பிட்ஸ்பர்க்கோடு ஏழாவது ஆட்டம், இரண்டாவது கூடுதல் நேரத்தில் கிரிஸ் குனிட்ஸ் அடித்த கோலில் போனது. ஒரு கோலில் தவறிய கிண்ண இறுதித் தொடர் அது.

மேப்பிள்_தம்பி:
தவறினது தவறினதுதானே அண்ணை. 2019ல சான் ஹொசேயிலயும் அரையிறுதியோட சரி. சென் லூயிஸோட மூண்டாவது ஆட்டத்தில கையால தள்ளின பக்கை நடுவர் காணேல்லை, அதை கார்ல்சன் கோலாக்கினவர். அந்த அதிர்ஷ்டம் இருந்தும் ஆறாவது ஆட்டத்தோட வீட்டுக்கு.

பின்வரிசை:
அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தத்தையும் எடுப்போம். ஜூன் 2019, 8 ஆண்டு, ஆண்டுக்கு 1.15 கோடி டாலர். முதல் மூன்று சீசன்: 56 ஆட்டம் 40 புள்ளி, 52-இல் 22, 50-இல் 35. சம்பள உச்சவரம்பு இருக்கும் லீகில் இது வெறும் மோசமான மூன்று ஆண்டு என்று போய்விடாது. அந்தப் பணத்துக்கு வாங்கியிருக்கக்கூடிய இரண்டாம் வரிசை சென்டரும் ஒரு கோலியும் இல்லாமல் போனதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோலி சரியில்லை என்று அழுகிறீர்களே, பாதிக் காரணம் அந்தச் சம்பளம்.

ஐஸ்தரை:
சம்பளம் நிர்வாகத்தின் கணக்கு. நோரிஸ் ஓட்டில் அதைச் சேர்க்க முடியாது.

இன்னொரு கோணம்: ஐஸின் அளவு. என்.ஹெச்.எல். தளம் 85 அடி அகலம், ஏறக்குறைய 26 மீட்டர். ஸ்வீடனில் கார்ல்சன் ஃப்ரோலுண்டாவில் வளர்ந்த சர்வதேசத் தளம் 30 மீட்டர். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மீட்டர் கூடினால் மூலைக்கும் வலைக்கும் தூரம் அதிகம். உடம்பால் மோதப் போகிறவர் வந்து சேர்வதற்குள் பக் போய்விடும். ஸ்கேட்டிங்கும் முதல் பாஸும்தான் அங்கே சோறு போடும். 2014 சோச்சி ஒலிம்பிக் அந்த அளவில்தான் நடந்தது. கார்ல்சன் 4 கோல், 4 அசிஸ்ட், போட்டியின் சிறந்த டிஃபென்ஸ்மேன் விருது, வெள்ளிப் பதக்கம்.

பின்வரிசை:
லிட்ஸ்ட்ரோம் வளர்ந்ததும் அதே அகலத்தில், வெஸ்தெரோஸில். 2006 டூரின் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் பின்லாந்துக்கு எதிராக மூன்றாவது பீரியட் தொடங்கிய பத்தாவது விநாடியில் வெற்றிக் கோலைப் போட்டதும் அவர்தான். ஆக, அகலம் ஒரு காரணமாகலாம், சாக்காகாது.

ஒட்டாவா65:
டூரினுக்கு வணக்கம், வாதமில்லை. ஆனால் கேள்வி 2023-ஐப் பற்றி. லீகில் எந்த டிஃபென்ஸ்மேன் அந்த ஆண்டு தன் அணியின் தாக்குதலை இவ்வளவு தூரம் தனியாகச் சுமந்தார், ஒரு பெயர் சொல்லுங்கள்.

பின்வரிசை:
தாக்குதலை என்று கேட்டால் யாருமில்லை. நீங்களே கேள்வியை "தாக்குதல்" என்று சுருக்கிவிட்டீர்கள், அதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் ஓட்டு ஃபாக்ஸுக்கு.

மேப்பிள்_தம்பி:
சரி, பிட்ஸ்பேர்க் போன பிறகு என்ன நடந்தது? ஓகஸ்ட் 2023ல கொண்டு போனவை. சான் ஹொசே வருசச் சம்பளத்தில 15 லட்சம் டொலரைத் தானே கட்டுறன் எண்டது, அப்ப மிச்சம் ஒரு கோடி. 2024லயும் 2025லயும் பிளேஓஃப் இல்லை.

ஐஸ்தரை:
அங்கே சிக்கல் வேறு. பிட்ஸ்பர்க்கின் டிஃபென்ஸ்மேன் கிரிஸ் லெட்டாங், கார்ல்சன் இருவரும் வலக்கை ஷாட், இருவரும் பவர் பிளேயின் உச்சியில் (நீலக்கோட்டின் நடுவில்) நின்று பழகியவர்கள். அந்த இடம் ஒன்றுதான். சான் ஹொசேயில் பிரென்ட் பர்ன்ஸோடு இருந்த அதே நெருக்கடி. 2022 கோடையில் பர்ன்ஸ் கரோலைனா போனதும்தான் முதல் பவர் பிளே யூனிட் முழுசாகக் கார்ல்சன் கைக்கு வந்தது, 101-உம் வந்தது. பிட்ஸ்பர்க்கில் உச்சியை அவருக்கே கொடுத்தாலும், மால்கின், கிராஸ்பி என்று பக்கை வைத்திருக்க விரும்பும் ஆட்கள்தான் அதிகம் இருந்தார்கள். கோலி பார்வையை மறைத்து ஒருவர் வலை முன்னால் நிற்காவிட்டால் கார்ல்சனின் ரிஸ்ட் ஷாட்டுக்கு (மணிக்கட்டால் தள்ளும் ஷாட்) வேலையே இல்லை. அவருடைய ஷாட் வேகத்தால் உள்ளே போவதில்லை, கோலி பார்க்காததால் போகிறது.