மறு: 'வெப் 2.0' – தலைமுறையா, பங்கேற்பா, பங்களிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மக்கள் தாங்களே எழுதி ஏற்றும் வலையைக் குறிக்கும் 'வெப் 2.0'வுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று நாலு நாளாக ஓடும் இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். நம் கலைச்சொல் பட்டியலில் 'இரண்டாம் தலைமுறை வலை' என்று ஏறிவிடும் போலிருக்கிறது, அதற்குள் என் எதிர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்.

> தலைமுறை எல்லோருக்கும் புரியும் சொல். 3ஜி, 4ஜி என்பதையும் அப்படித்தானே சொல்கிறோம்?

கைப்பேசிக்குப் பொருந்துகிறது, வலைக்குப் பொருந்தவில்லை. 4ஜி வந்தபோது கோபுரத்தில் கருவி மாறியது, கையில் இருந்த போனையும் மாற்ற வேண்டியிருந்தது. வலையில் அப்படி ஒரு நாள் வரவே இல்லை. செர்ன் ஆய்வகத்தில் வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் வெளியிட்ட முதல் தளத்தை 2013இல் பழைய முகவரியிலேயே திரும்ப வைத்தார்கள், இன்றைய உலாவியில் தட்டிப் பாருங்கள், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறக்கும். அதோடு, முதல் தலைமுறை என்றால் வாசிப்பது மட்டும், இரண்டாவது என்றால் எழுதுவதும் என்று இழையில் இரண்டு பேர் வரையறுத்திருக்கிறீர்கள். பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் உலாவியிலேயே பக்கத்தைத் திருத்தும் வசதி இருந்ததே! அது நெக்ஸ்ட் கணினியில் மட்டும் ஓடியதால் அதைக் கண்டவர்கள் குறைவு, 1993இல் மொசைக் என்ற உலாவி வந்து ஊரெல்லாம் பரவியபோது அதில் படிக்க மட்டும்தான் முடிந்தது. யாரும் திருத்தக்கூடிய தளமான விக்கியை வார்ட் கன்னிங்காம் தொடங்கியது 1995. தமிழில் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, பல நாடுகளில் இருந்தவர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, இன்னொருவர் மெய்ப்புப் பார்த்து ஏற்றினார்கள். இதை எந்தத் தலைமுறைக் கணக்கில் சேர்ப்பது?

> அப்படியானால் 'வலை 2.0' என்றே விட்டுவிடலாம். எண் எல்லா மொழிக்கும் பொது.

எண்தான் இங்கே பெரிய தொல்லை. 1999இல் டார்சி டினூச்சி என்பவர் ஒரு கட்டுரையில் வெப் 2.0 என்று எழுதியபோது, வலை கணினித் திரையை விட்டுத் தொலைக்காட்சி, கைப்பேசி என்று பல கருவிகளுக்குப் போகப்போவதைத்தான் சொன்னார், மக்கள் எழுதுவதை அல்ல. 2004 அக்டோபரில் ஓ'ரைலி என்ற கணினி நூல் பதிப்பு நிறுவனம் அதே பெயரில் மாநாடு நடத்தியது, மறு ஆண்டு அதன் நிறுவனர் டிம் ஓ'ரைலி எழுதிய நீண்ட கட்டுரைக்குப் பிறகுதான் இன்றைய பொருள் ஒட்டிக்கொண்டது. வலையைப் படைத்த பெர்னர்ஸ்-லீயே 2006இல் ஒரு பேட்டியில், இது வெறும் துறைப்பேச்சு, பொருள் யாருக்கும் தெரியாது என்ற பாணியில் சலித்துக்கொண்டார்.

சரி, 2.0 தப்பித்துவிட்டது என்றே வையுங்கள். அடுத்து மூன்று வருகிறது. வெப் 3.0 என்று முதலில் சொல்லப்பட்டது, தரவின் பொருளை இயந்திரமும் புரிந்துகொள்ளும் வலையை, அதாவது நம்மில் பலர் ஏற்கெனவே எழுதிவரும் 'பொருளுணர் வலை'யை. இன்று புள்ளியும் பூச்சியமும் இல்லாமல் எழுதும் வெப்3 என்பது, எதீரியம் என்ற கிரிப்டோ நாணய வலையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான காவின் வுட் 2014இல் முன்வைத்த கருத்து, ஒரே கணக்கேட்டைப் பல கணினிகள் பகிர்ந்து வைத்துக்கொள்ளும் பிளாக்செயின் சமாச்சாரம். ஆங்கிலத்தில் ஒரு புள்ளியாவது வித்தியாசம் காட்டுகிறது. நாம் 'மூன்றாம் தலைமுறை வலை' என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

தயவுசெய்து 'இணையம் 2.0' என்றும் எழுதாதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1996இல் தொடங்கிய இன்டர்நெட்2 என்ற தனி வலையமைப்பு இருக்கிறது. ஒரு சிற்றிதழில் நானே அப்படி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

அப்புறம் முக்கியமான விஷயம். 'பங்கேற்பு வலை' என்று இழையில் அண்ணன் ஒருவர் முன்மொழிந்தது எண்ணை விட எவ்வளவோ மேல், ஆனாலும் எனக்கு 'பங்களிப்பு'தான் சரியாகப் படுகிறது. கல்யாணத்தில் பங்கேற்றவர் என்றால் வந்திருந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவரும் அதில் அடக்கம். விடிய விடியக் காய் நறுக்கியவரும் மொய் எழுதியவரும் பங்களித்தவர்கள். விக்கிப்பீடியாவைப் படிக்கிறவரும் ஒரு விதத்தில் பங்கேற்கிறார், ஆனால் அந்தக் காலத்தை வேறாக்கியது வாசகர் வந்ததல்ல, அவர் கொண்டுவந்து போட்டது. பங்கு ஏற்பது, பங்கு அளிப்பது, இரண்டும் எதிரெதிர்த் திசை என்பது சொல்லிலேயே இருக்கிறது. படமும் காணொளியும் கோடிப்பேர் அளித்தார்கள், விளம்பர வருமானத்தில் பங்கை ஏற்றவர் யார்? யூடியூப் 2007இல்தான் காணொளி போட்டவர்களில் சிலருக்குப் பங்கு தரத் தொடங்கியது. வெப்3க்காரர்கள் பின்னால் வந்து, பயனருக்கும் சொத்தில் உரிமை என்று கடை விரித்ததும் இந்த இடைவெளியில்தான். வுட் முதலில் பேசியது எந்த நிறுவனத்தையும் நம்பியிருக்கத் தேவையில்லாத வலையைப் பற்றி. உரிமைப் பேச்சு பிறகுதான் தூக்கலானது. நிறைவேறியதா என்பது வேறு சண்டை, கலைச்சொல்லுக்கு அது வேண்டாம். வெப் 2.0வுக்குப் 'பங்களிப்பு வலை', வெப்3க்குப் 'பங்குரிமை வலை' என்று வைத்தால் பங்கு என்ற ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைக்கும், மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் சுலபம்.

> ஓ'ரைலி கட்டுரையையே எடுத்துக்கொண்டால், தெரிந்தே எழுதுகிறவர்கள் கொஞ்சம்பேர்தான், மற்றவர்கள் பயன்படுத்துவதிலிருந்தே மதிப்பு சேரும்படி தளத்தை அமைக்க வேண்டும் என்கிறார். அது பங்களிப்பா?

இந்தக் கேள்விக்கு நேற்று ராத்திரி வரை என்னிடம் பதில் இல்லை. நான் எதைச் சொடுக்குகிறேன், எங்கே நிற்கிறேன் என்பதிலிருந்து தளம் கற்றுக்கொள்கிறது, உண்மை. களத்தில் சிந்திய நெல்லை ஒருவன் கூட்டி அள்ளிக்கொண்டு போனால் அதை நான் அளித்தேன் என்று சொல்ல முடியாது. ஆகவே இதற்குத் தனிச்சொல் வேண்டும். 'சுவடு' போதும் என்று நினைக்கிறேன்: சொடுக்குச் சுவடு, தேடல் சுவடு. நடக்கிறவன் கொடுக்கவேண்டும் என்று நினைத்துச் சுவடு பதிப்பதில்லை. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், எனக்குப் பிடிவாதம் இல்லை.

'யூசர்' என்பதற்குப் போட்டிருக்கும் 'பயனாளி'யை மட்டும் எப்படியாவது எடுத்துவிடுங்கள். அரசுத் திட்டத்தில் தையல் இயந்திரம் வாங்கியவர்தான் கண்முன் வருகிறார். 'பயனர்' இருக்கட்டும்.

ஆக என் வாக்கு: 'வாசிப்பு வலை' (படிக்க மட்டும் முடிந்த தளங்களுக்கு), 'பங்களிப்பு வலை', 'பொருளுணர் வலை', 'பங்குரிமை வலை', நான்கும் தனித்தனிப் பதிவாக, வரிசை எண் இல்லாமல். ஏற்றுகிறவர் ஒன்று செய்யுங்கள்: முதலாவதைத் தவிர மற்றவற்றில் முறையே 'வெப் 2.0', 'வெப் 3.0', 'வெப்3' என்பதையும் தேடுசொல்லாகச் சேர்த்துவிடுங்கள், தேடி வருகிறவர்கள் அதைத்தான் தட்டுவார்கள்.